சேவைப் பயணம்: பணியை வரையறுப்பது யார்?

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, தம் மாணவர்களை ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்குச் சில வாரங்கள் அனுப்பி, அங்குள்ள மக்களுக்குத் தொண்டாற்றச் செய்து, அதனைப் பாடத்தின் பகுதியாகவும் கணக்கிடுகின்றன. ‘சேவைவழிக் கற்றல்’ என்பது இதன் பெயர். பயணம், தங்குமிடம், காப்பீடு தொடங்கிப் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசும் வேலை வரை அனைத்தையும் ஏற்பாடு செய்து தர இடைத்தரகு நிறுவனங்கள் உள்ளன. அவை கட்டணம் பெற்று இதனை ஒரு தொழிலாகவே நடத்துகின்றன. வண்ணம் பூசத் தெரிந்தவர் அவ்வூரிலேயே வேலையின்றி இருக்கக்கூடும் என்பது மட்டும் எவர் கணக்கிலும் வருவதில்லை.

மெக்சிகோவுக்குத் தொண்டாற்றச் செல்லவிருந்த அமெரிக்க மாணவர்களிடம், வரவே வேண்டாம் என்று 1968இல் முகத்துக்கு நேரே சொன்னவர் இவான் இலிச். அவர் மார்க்சியர் அல்லர், கத்தோலிக்கப் பாதிரியார். அவர் கண்ட நோய் உண்மையானதே. ஆயினும் மாணவர் எல்லை கடப்பதையே தவறென்று ஒதுக்குவது சர்வதேசியம் பேசும் இயக்கத்துக்குப் பொருந்தாது. அடுத்த ஆண்டே அமெரிக்க இளைஞர்கள் ‘வென்செரெமோஸ்’ படையணியாகக் கியூபா சென்று கரும்பு வெட்டினர். ஒரு கோடி டன் சர்க்கரை என்ற அந்த இலக்கு எட்டப்படவில்லை என்பது வேறு செய்தி. வேலை எது, எத்தனை நாள், எந்த வயலில் என்பதை அழைத்த நாடு முடிவு செய்தது. வந்தவர்களின் பாடத்திட்டம் அதனை முடிவு செய்யவில்லை.

இவ்வேறுபாட்டின் பொருளைத் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுச் சிற்றூர்கள் அனுபவத்தில் அறியும். பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு கோக்கோகோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றின, எஞ்சிய நீரும் வாயில் வைக்க உதவாததாயிற்று. 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் தொடங்கிய போராட்டத்தின் முகமாக நின்றவர் மயிலம்மா என்ற இரவாளர் பழங்குடிப் பெண். உரமென்று உழவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக்கழிவில் காட்மியமும் ஈயமும் இருந்ததை, பிபிசி வானொலிக்காக ஆய்வு செய்த இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2003இல் உறுதிப்படுத்தியது. 2004 ஜனவரியில் எலப்புள்ளியை ஒட்டிய புதுச்சேரி ஊராட்சியில் உலக நீர் மாநாடு கூடியது. பிரான்சின் ஜோசே போவேயும் கனடாவின் மாட் பார்லோவும் அதற்கு வந்தனர். அவ்வாண்டு மார்ச்சில் ஆலையின் உற்பத்தி நின்றது.

பின்னர் நிகழ்ந்ததே மாணவர் பயணங்களை ஏற்பாடு செய்வோர் கற்க வேண்டிய பாடம். இந்தியாவின் நீர்ச் சூறையாடலையும் கொலம்பியத் தொழிற்சங்கத்தினர் கொல்லப்பட்டதையும் முன்வைத்து அமெரிக்க மாணவர்கள் இயக்கம் நடத்தினர். 2005 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகம் அந்நிறுவனத்துடனான ஒப்பந்தங்களை நிறுத்தி வைத்தது. அம்மாணவர்கள் தங்கள் வளாகத்துக் கொள்முதல் அலுவலகத்திலேயே தங்கள் தொண்டைச் செய்தனர். சுயேச்சையான ஆய்வுக்கு நிறுவனம் இசைந்ததும், சில மாதங்களில் அதே பல்கலைக்கழகம் விற்பனையை மீண்டும் அனுமதித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மயிலம்மா 2007இல் மறைந்தார். அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் கணக்கிட்ட இழப்பு 216.26 கோடி ரூபாய். அந்த இழப்பீடு மக்களைச் சேரவில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவே இல்லை.

இப்பகுதியில் மொழியும் ஒரு சிக்கல். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், வருவோரிடம் ஆங்கிலம். கிணற்று நீர் கரித்தது என்று ஒரு மூதாட்டி சொன்னது மூன்றாம் மொழியை அடைவதற்குள் ‘நீர் வசதி போதாமை’ ஆகிவிடக்கூடும். பயணத்தை நடத்தும் நிறுவனமே மொழிபெயர்ப்பாளரையும் அமர்த்தினால், நிறுவனத்துக்கு உவப்பானதே விருந்தினர் காதில் விழும். ஆகவே மொழிபெயர்ப்பாளரை ஊரார் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்குரிய கூலியை வருவோர் தர வேண்டும். சிறு செய்தியெனத் தோன்றினும் பயணத்தின் அரசியல் இங்கேதான் முடிவாகிறது.

அதே கேள்வி 2025இல் எலப்புள்ளியிலும் எழுந்தது. ஒயாசிஸ் நிறுவனத்தின் எத்தனால், மது உற்பத்தி ஆலைக்குக் கேரள அமைச்சரவை 2025 ஜனவரியில் தொடக்கநிலை அனுமதி அளித்தது. நிலத்தடி நீரைத் தொடமாட்டோம் என்றது ஆலைத் தரப்பு. ஊராட்சி எதிர்த்தது, இடது ஜனநாயக முன்னணிக்குள்ளும் ஐயங்கள் எழுந்தன. பிளாச்சிமடையைக் கண்ட மக்களின் அச்சத்தை எதிர்க்கட்சியின் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவது இடதுசாரிகளுக்கு அழகன்று. இந்நிலையில் நீரியலோ வேதியியலோ பயிலும் அயல்நாட்டு மாணவர் குழு இங்கு வருமாயின், அது பள்ளிச் சுவரைத் தேடிச் செல்லக் கூடாது. எந்தக் கிணற்றை அளக்க வேண்டும் என்பதைக் கிராமசபை சொல்லட்டும். 1996இன் மக்கள் திட்ட இயக்கத்தில் பழகிய சபை அது. அளந்த கணக்கு, மாணவர் விமானம் ஏறுமுன் தமிழிலும் மலையாளத்திலும் ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும்.

நம் கல்லூரிகளும் இதில் விதிவிலக்கல்ல. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம்கள் பலவும் கோயில் வளாகத்தைப் பெருக்குவதோடும் குழுப் படத்தோடும் முடிகின்றன. எல்லையோரக் கல்லூரிகளில் உள்ள மாணவர் அமைப்புத் தோழர்கள், அடுத்த முகாமுக்கு இடம் குறிக்கும் முன் அவ்வூரின் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையிடம் சென்று, எந்த வேலை தேவை என்று கேட்டு எழுதி வாங்கி வரலாம்.