எலும்பு முறியும், ஆனாலும் அழுத்துங்கள்!



சில ஆண்டுகளுக்கு முன்பு பைராம் தோட்டத்தில் ஒரு துக்க வீட்டிற்குச் சென்றிருந்தேன். இறந்தவர் எழுபதைக் கடந்த பெரியவர். காலையில் வாசலில் நாற்காலி போட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு இளைஞன் ஓடிவந்து அவரைத் தரையில் கிடத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தியிருக்கிறான். வேலை செய்யும் தொழிற்சாலையில் கற்றுக்கொடுத்த முதலுதவி அது. பெரியவர் பிழைக்கவில்லை. விலா எலும்புகள் சில முறிந்திருந்தன என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். துக்க வீட்டிற்குள் வந்து சேர்வதற்குள் அந்தச் செய்தி வேறு உருவம் எடுத்துவிட்டது. "எலும்பையெல்லாம் ஒடிச்சிட்டானாம்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் "தெரியாத வேலைய ஏன் செய்யணும்?" என்றார்.

அந்த இளைஞன் என் முன்னாள் மாணவன். பந்தலுக்கு வெளியே தனியாக நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அருகில் வந்து, "சார், நான் அழுத்துனதாலதான் தாத்தா போயிட்டாரா?" என்று கேட்டான்.

'இல்லை' என்று சொன்னேன். ஆனால், ஏன் இல்லை என்று அவனுக்கு விளங்கும்படி அன்று என்னால் சொல்ல இயலவில்லை. பின்னர்தான் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சி.பி.ஆர். எனப்படும் இதய இயக்க மீட்பு, நின்றுபோன இதயத்தின் வேலையை வெளியிலிருந்து நம் கைகளால் செய்வதாகும். நெஞ்சு நடுவிலுள்ள மார்பெலும்பை அழுத்தும்போது இதயத்திலுள்ள குருதி வெளியே தள்ளப்பட்டு மூளைக்குச் செல்கிறது. மெதுவாகத் தடவிக்கொடுத்தால் குருதி நகராது. வளர்ந்தவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டருக்கு மிகாமலும், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஓர் அளவுகோலை எடுத்து 5 சென்டிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு மனிதனின் நெஞ்சு அவ்வளவு ஆழம் அமுங்க வேண்டுமென்றால் எவ்வளவு வலு வேண்டும்! வயது ஏற ஏற விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு இறுகிவிடும், எலும்பும் வலுவிழக்கும். ஆகவே, முறையாக அழுத்தினாலும் விலா எலும்பு முறிவது பெரியவர்களிடம் மிகச் சாதாரணம். மார்பெலும்பும் முறிவதுண்டு. 'மளுக்' என்ற ஒலி கையிலேயே தெரியும் என்பார்கள். அந்த ஒலியில்தான் பலர் அஞ்சிக் கையை எடுத்துவிடுகின்றனர்.

எடுக்கக்கூடாது. கை மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடர வேண்டும். முறிந்த விலா எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். இதயம் நின்ற மனிதருக்கோ ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகிறது. நம் தோட்டத்திற்கு ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நிபோங் திபால் பட்டணத்திலிருந்தோ சுங்கை பாக்காப் மருத்துவமனையிலிருந்தோ செம்பனைக்கு நடுவே வந்து சேர வேண்டும்.

கடுமையான காயங்களும் உண்டு, அவற்றை மறைக்கக்கூடாது. நுரையீரல் கன்றிப்போகலாம். கை மிகவும் கீழே இறங்கி, மார்பெலும்பின் கூரிய முனைமீது அழுத்தினால் கல்லீரல் கிழியக்கூடும். இவை அரிது என்றாலும் கைவைக்கும் இடம் முக்கியம் என்பதற்கு இதுவே காரணம். ஆழமும் அப்படித்தான். 2013இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வொன்றில், 6 சென்டிமீட்டருக்கு மேல் அழுத்தப்பட்ட ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காயம் இருந்தது. அதற்குக் குறைவான ஆழத்தில் கால்வாசிப் பேருக்குச் சற்று அதிகம். பிழைத்து எழுந்தவருக்கு மூச்சுத் திணறலோ வயிற்று வலியோ இருந்தால், நெஞ்சு அழுத்தப்பட்டதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

'இதயம் நிற்காதவரை அழுத்திவிட்டால்?' என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், தொலைபேசி வழிகாட்டலின்படி பொதுமக்கள் நெஞ்சை அழுத்திய, ஆனால் உண்மையில் இதயம் நின்றிராத 247 பேரை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். 12 விழுக்காட்டினருக்கு வலி அல்லது அசௌகரியம். எலும்பு முறிவு 2 விழுக்காட்டினருக்கு மட்டுமே. உள்ளுறுப்புக் காயம் ஒருவருக்கும் இல்லை. தட்டி அழைத்தும் விழிக்கவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் 999ஐ அழைத்துவிட்டுத் தொடங்குவதே சரி. விட்டுவிட்டு வரும் திணறல் மூச்சைக் கண்டு 'மூச்சு இருக்கிறது' என்று ஏமாந்துவிடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். மாணவர்களின் விலா எலும்பு வளையும் தன்மையுடையது. ஆகவே அவர்களுக்கு முறிவு மிகவும் குறைவு. நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அழுத்த வேண்டும். சிறிய பிள்ளைக்கு ஒரு கையே போதும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு தடைப்பட்ட பிறகுதான் இதயம் நிற்கிறது (நீரில் மூழ்குதல், உணவு தொண்டையில் சிக்குதல்). எனவே அவர்களுக்கு வாய்வழி மூச்சும் கொடுக்க வேண்டும்.

2024 ஜூன் 30ஆம் நாள் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில், ஆசிய இளையோர் பூப்பந்துப் போட்டியில் 17 வயதுச் சீன ஆட்டக்காரர் ஜாங் ஷிஜீ திடலிலேயே சுருண்டு விழுந்து, பின்னர் இறந்தார். மருத்துவக் குழுவினர் உடனே திடலுக்குள் நுழையவில்லை. அனுமதி பெற்ற பிறகே நுழைய வேண்டும் என்பது விதி என்று இந்தோனேசியப் பூப்பந்துச் சங்கம் விளக்கம் தந்தது. அந்தக் காணொளியை என்னால் முழுமையாகப் பார்க்க முடியவில்லை. அங்கே கையைக் கட்டியது விதி. நம்மிடம் கையைக் கட்டுவது, எலும்பு முறிந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம்.

இங்குதான் எனக்கொரு மனக்குறை. முதலுதவிப் பயிற்சிகள் சிலவற்றில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன். இரப்பர்ப் பொம்மையை அழுத்தச் சொல்கிறார்கள், எண்ணச் சொல்கிறார்கள், சான்றிதழும் தருகிறார்கள். மனித எலும்பு முறியக்கூடும் என்பதை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்களாம்! சொல்லாததால்தான் என் மாணவன் பந்தலுக்கு வெளியே நின்றான். முதல் நாளிலேயே "முறியலாம், தொடருங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவனுக்கு அந்தக் கேள்வியே எழுந்திராது. அழுத்தியவன் மட்டும் அறிந்திருந்தால் போதாது. சுற்றி நிற்கும் மாமன், சித்தப்பா, அத்தைகளும் அறிந்திருக்க வேண்டும். அதனால்தான் இதைப் பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டும் என்கிறேன்.

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன். செம்பிறைச் சங்கப் பயிற்றுநர் ஒருவரை அழைத்துக் காயங்களைப் பற்றியும் பேசச் சொல்ல எண்ணம். அந்த இளைஞனையும் வந்து செய்துகாட்டும்படி கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். இன்னும் பதில் வரவில்லை.