முதலில் கேள்வி, பிறகு பாடம்

பிஜிடிஎம் என்னும் முதுநிலை மேலாண்மைப் பட்டயம் நடத்தும் தன்னாட்சி நிறுவனங்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அங்கீகாரம் வேண்டும். ஆனால், எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்துக்கும் அவை கட்டுப்பட்டவை அல்ல. 2017-இல் நிறைவேறிய சட்டம் பட்டம் வழங்க வழிவிடும்வரை ஐஐஎம்களும் பட்டயம்தான் கொடுத்துவந்தன. இவ்வளவு சுதந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல கல்லூரிகள் என்ன செய்கின்றன? டேட்டா அனலிடிக்ஸ், ஃபின்டெக் என்று பாடங்களைப் புதுப்பிக்கின்றன. தேர்வு மட்டும் அதே மூன்று மணி நேரம், அதே ‘விளக்குக’. ஒரு கல்லூரிக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போயிருந்தேன். நடைமுறை மூலதனம் என்றால் என்ன என்று கேட்டதும் ஒரு மாணவி மூச்சுவிடாமல் ஒப்பித்தார். “கோயம்பேட்டில் ஒரு காய்கறி வியாபாரி தினமும் 20,000 ரூபாய்க்கு ரொக்கமாகச் சரக்கெடுத்து, ஓட்டல்களுக்குக் கடனில் போடுகிறார். பணம் 15 நாள் கழித்துத்தான் வரும். சரக்குக்கு மட்டும் அவர் எவ்வளவு முடக்க வேண்டும்?” என்றேன். திகைத்து நின்றார். மூன்று லட்சம், அவ்வளவுதான். அந்தப் பெண்மீது எனக்கு வருத்தமில்லை. இரண்டு ஆண்டில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதே இல்லை. படித்து முடிப்பவர் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்; அதைச் சோதிக்கும் கேள்வி அடுத்து; பாடம் அதற்கும் பிறகு. ஐந்து பேர் சேர்ந்து கொடுக்கும் திட்ட அறிக்கைக்கு ஒரே மதிப்பெண் போடுவதையும் நிறுத்த வேண்டும். ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் தனியே உட்காரவைத்து, ‘இந்த எண் எங்கிருந்து வந்தது’ என்று கேட்டால் போதும். 60 பேர் வகுப்புக்கு ஐந்து மணி நேரம் ஆகும். அந்த ஐந்து மணி நேரத்தை ஆசிரியரின் பணிநேரத்தில் சேர்த்துவிட்டு அட்டவணை போடுங்கள்.