நார்த்தாமலையும் நெடுவாசலும்

புதுக்கோட்டை ஜில்லாவில் நார்த்தாமலைக் குன்றுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. இலட்சுமணனைப் பிழைக்க வைக்க அனுமார் இமயத்திலிருந்து சஞ்சீவி மலையைப் பெயர்த்து ஆகாய மார்க்கமாய் எடுத்துப் போனாராம். வழியில் சிந்திய துண்டுகள்தாம் இக்குன்றுகளாம். இங்கே மூலிகை முளைப்பதே அதற்குச் சாக்ஷியாம்! மூலிகை முளைக்காத குன்று எந்த ஊரில் இருக்கின்றது என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது.

கணக்குப் பார்ப்போம். இந்திய நிலப்பாளம் வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதத் தொடங்கியது சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முன். இமயம் மலையாக எழுந்தது அதன் பிறகே. நார்த்தாமலைப் பாறையோ 50 கோடி வருஷத்துக்குக் குறையாதது. பேரன் பாட்டனைப் பெற்றான் என்றால் ஒப்புவீர்களா? ஒப்பமாட்டீர்களென்றால் இக்கதையை மட்டும் ஏன் ஒப்புகிறீர்கள்?

“50 கோடி வருஷத்துக்கு முன் நீர் இருந்து பார்த்தீரோ?” என்று புராணிகர் கேட்கலாம். இருந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. பாறைக்குள் இருக்கும் சிறு மணிகளில் யுரேனியம் என்னும் பொருள் மாறாத ஒரே விகிதத்தில் ஈயமாக மாறி வருகின்றது. எவ்வளவு மாறியிருக்கின்றது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். இந்த அளவையை யார் வேண்டுமானாலும் மறுபடியும் அளந்து பார்க்கலாம். அனுமாரின் பிரயாணத்தை அப்படி அளக்க முடியுமா?

நிற்க, நடந்ததுதான் என்ன? பூமியின் மேலோடு பல பாளங்களாய்ப் பிரிந்து கிடக்கின்றது. உள்ளே இருக்கும் உஷ்ணத்தின் காரணமாய் அப்பாளங்கள் ஓயாமல் நகர்கின்றன. இந்தியப் பாளம் இன்றும் வருஷத்துக்குச் சுமார் 2 அங்குலம் நகர்கின்றது. சுமார் 55 கோடி வருஷங்களுக்கு முன் தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்ட்டிக்கா எல்லாம் நெருங்கி மோதி ஒட்டிக் கொண்டன. மோதிய இடங்களில் பெருமலைகள் எழுந்தன. அம்மலைகளின் அடியில் பல மைல் ஆழத்தில் வெந்து இறுகிய பாறைகள், மேலே இருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்து போன பிறகு வெளியே தெரிகின்றன. நார்த்தாமலை மேலே இருந்து விழுந்ததல்ல. கீழே இருந்து வெளிப்பட்டது.

அப்படி ஒரே விதமாய் வெளிப்பட்ட குன்றுகளில் ஒன்றுக்குப் ‘பறையன்மலை’ என்றும் மற்றொன்றுக்கு ‘உவச்சன்மலை’ என்றும் பெயர் வைத்திருக்கின்றோம். கல்லுக்குங்கூட ஜாதி வைத்தவர்கள் நாம்! பாறைக்குள் அந்த ஜாதி எங்கே இருக்கின்றது?

சேர்ந்தது பிறகு பிளந்தது. சுமார் 15 கோடி முதல் 13 கோடி வருஷங்களுக்கு முன் நமது கிழக்குப் பக்கம் இழுபட்டு, விரிசல் கண்டு, பாளம் பாளமாய்க் கீழே இறங்கியது. பள்ளத்தில் கடல் புகுந்தது. மணலும் சேறும் படிந்தன. சில இடங்களில் அப்படிவு 3 மைலுக்கும் அதிக ஆழம். இதுவே காவிரிப் படுகை. சேற்றோடு புதைந்த நுண்ணுயிர்கள் பூமியின் சூட்டில் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. அப்படுகையின் ஓரம் நமது ஜில்லாவிலேயே ஓடுகின்றது. மேற்கே நார்த்தாமலை கெட்டிப் பாறை. கிழக்கே நெடுவாசல் படிவு மண்.

இதைத் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று குடியானவர் கேட்கலாம். பிரயோஜனம் பணத்திலேயே இருக்கின்றது. மேற்கே பாறையில் வெடிப்பு உள்ள இடத்தில்தான் நீர் நிற்கும். கிழக்கே மணல் அடுக்குகளே நீரைத் தாங்கும். இது தெரியாதவர் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் சொல்லுகிறவருக்கும் கூலி கொடுத்து, வறண்ட போருக்கும் கடன்படுகின்றார்.

அதைவிடப் பெரிய விஷயமும் உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க அனுமதி கொடுத்த போது, “வல்லுநர் சொல்லுகிறார்கள், கெடுதியில்லை” என்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. வல்லுநர் என்ற பெயருக்காக நெடுவாசல் ஆண்களும் பெண்களும் வாய்மூடி இருந்துவிடவில்லை. எங்கள் மண்ணுக்கடியில் என்ன இருக்கின்றது, துளைத்தால் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று கேட்டார்கள். 2020-ல் சட்டசபை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் செய்து, இந்த ஜில்லாவில் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்களையும் அதில் சேர்த்தது. கேட்டதன் பலன் அது.

கேட்கும் பழக்கம் வயலில் ஒன்று, மலையில் ஒன்று என்று இருக்க முடியாது. மலையடியில் சொன்னதை யோசியாமல் ஒப்புகிறவனிடம், வயலோரத்தில் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது வெகு சுலபம். நெடுவாசலில் கேட்ட கேள்வியை நார்த்தாமலையிலும் கேளுங்கள். நம் காலடி மண்ணின் வரலாற்றை நாம் அறியாதிருக்கும் வரை, அதற்குக் கதை கட்டுகிறவனும் விலை கட்டுகிறவனும் வேறு ஆட்களாகவே இருப்பார்கள்.