அறிவிப்புப் பலகையும் ஓர் அழைப்புதான்

இங்கிலாந்துக்கு ஓராண்டு போகிறவர்கள் எல்லோரும் லண்டனிலோ மான்செஸ்டரிலோ தங்குவதில்லை. அங்கே முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் 12 மாதங்களில் முடிந்துவிடும். அதற்காகப் போகும் நம் மாணவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்வது கிராமத்தில்தான். விமானப் பொறியியலுக்குப் பெயர்போன கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் பெட்ஃபோர்டுஷயரில் அதே பெயருள்ள கிராமத்தை ஒட்டி இருக்கிறது. வேளாண்மைக்கான ஹார்ப்பர் ஆடம்ஸ் பல்கலைக்கழகம் ஷ்ரோப்ஷயரின் எட்ஜ்மண்ட் கிராமத்தில் இருக்கிறது. மரபணு ஆய்வில் உலகப் புகழ்பெற்ற சாங்கர் நிறுவனம் இருப்பது கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே ஹிங்ஸ்டன் என்ற சிற்றூரில். முதியோர் இல்லங்களில் பராமரிப்புப் பணிக்குப் போனவர்கள், கணவன் அல்லது மனைவியின் வேலைக்காகக் கூடப் போனவர்கள் என்று இன்னும் பலர் உண்டு. இவர்களில் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: பார்த்தால் சிரிக்கிறார்கள், மழையைப் பற்றிப் பேசுகிறார்கள், அதற்குமேல் நெருங்குவதில்லை. வெள்ளைக்காரர்கள் ஒட்டமாட்டார்கள் என்று காரணத்தையும் நாமே சொல்லிவிடுகிறோம். அந்தக் காரணம் தவறு என்பது என் கருத்து. அந்தக் கிராமங்கள் வெளியாரை அழைக்கத்தான் செய்கின்றன. வீட்டுக்கு அல்ல, ஊர்ப் பொதுவேலைக்கு. நமக்குத்தான் அது அழைப்பாகத் தெரிவதில்லை.

நம் ஊரில் அழைப்பு என்றால் நேரில் வந்து, வாய் நிறைய அழைக்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுக்க வேண்டும். தபாலில் வந்த பத்திரிகையை மட்டும் நம்பிக் கல்யாணத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அழையாத வீட்டில் நுழையாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இந்த வளர்ப்போடு போய் இறங்குகிறவருக்கு, கடையோரத்திலோ தேவாலய வாசலிலோ நிற்கும் அறிவிப்புப் பலகை ஒரு பொருட்டாகவே படாது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குண்டூசி குத்திய தாள்கள் இருக்கும். ஊர் மன்றக் கூட்டத்தின் பொருள்நிரல், வியாழக்கிழமை காலைக் காபி, தோட்டக் கழகத்தின் செடி விற்பனை, காணாமல்போன பூனை. பாதித் தாள்களின் அடியில், எல்லோரும் வரலாம் என்று அச்சிட்டிருக்கும். யாரோ யாருக்கோ சொன்னது என்று கடந்துபோய்விடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் நின்று, ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொன்னால் அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். அது மரியாதைக்குச் சொல்வது, அதில் நாளும் இல்லை, நேரமும் இல்லை. பலகையில் உள்ள தாளில் கிழமை, மணி, இடம் எல்லாம் இருக்கின்றன. அந்த நேரத்துக்குப் போனால் உட்கார நாற்காலியும் ஒரு கோப்பைத் தேநீரும் கிடைக்கும்.

இது வெறும் பழக்கம் அல்ல, இதற்குச் சட்டத்தின் பின்புலமும் இருக்கிறது. தேவாலய நிர்வாகத்திலிருந்து ஊர் நிர்வாகத்தைப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்படும் பாரிஷ் கவுன்சில்களை, அதாவது ஊர் மன்றங்களை, உருவாக்கியது 1894-ஆம் ஆண்டுச் சட்டம். சிறு நகரங்களின் மன்றங்களையும் சேர்த்து இன்று இங்கிலாந்தில் அப்படிச் சுமார் 10,000 மன்றங்கள் இருக்கின்றன. விளையாட்டுத் திடல், கல்லறைத் தோட்டம், பேருந்து நிழற்குடை, காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் துண்டு நிலங்கள் போன்றவை இவற்றின் பொறுப்பு. உறுப்பினர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். மார்கரெட் தாட்சர் புதிய உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1960-ல் நிறைவேறிய சட்டம், இத்தகைய கூட்டங்களில் பொதுமக்கள் உட்காரும் உரிமையை உறுதிசெய்தது. இதைத் தவிர ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையே ஊர்க்கூட்டம் ஒன்று நடத்தியாக வேண்டும். நம் கிராமசபைக்கு நெருக்கமானது இது. வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் பேசலாம், வாக்களிக்கலாம். நம்மில் பெரும்பாலோர் அறியாத செய்தி, சட்டப்படி அங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு என்பது. மாணவர் விசாவில் இருக்கும் இந்தியருக்கும் இலங்கையருக்கும் அந்த வாக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருக்க வேண்டியதில்லை.

சட்டம் கதவைத் திறந்துவைக்கிறது என்றால், தேவை ஆளை உள்ளே இழுக்கிறது. 1963-ல் பீச்சிங் அறிக்கை 2,000-க்கும் அதிகமான ரயில் நிலையங்களை மூடச் சொன்னது, அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. 1985-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பிறகு, லாபம் தராத கிராமப் பேருந்துத் தடங்கள் உள்ளாட்சி மானியத்தை நம்பி நிற்கின்றன. மானியம் குறைந்தபோதெல்லாம் பேருந்தும் குறைந்தது. கடைகளும் அஞ்சலகங்களும் மூடப்பட்டன. வீட்டு விலை எட்டாமல் இளைஞர்கள் வெளியேறினார்கள். எஞ்சியிருப்பவர்களில் வயதானவர்கள் அதிகம், அவர்கள்தான் ஊரைக் கைகொடுத்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஊரார் பங்கு போட்டு வாங்கி, முறைவைத்துக் கல்லாவில் உட்கார்ந்து நடத்தும் கடைகள் பிரிட்டனில் சில நூறு இருக்கின்றன. 1919-ல் ஹொரஸ் பிளங்கெட் தொடங்கிய அறக்கட்டளை அவற்றுக்குத் துணைநிற்கிறது. ஊருக்கு முக்கியமான சொத்து என்று பதிவுசெய்யப்பட்ட மதுக்கூடமோ கடையோ விற்பனைக்கு வந்தால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் தரும் வழி 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. குழாய் எரிவாயு எட்டாத ஊர்களில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைக்கூடப் பல குடும்பங்கள் சேர்ந்து வாங்குகின்றன. இப்படிப்பட்ட ஊரில், சனிக்கிழமை கிரிக்கெட் அணிக்குப் பதினோராவது ஆள் எங்கே பிறந்தவர் என்பது முதல் கேள்வி அல்ல. அன்று அவர் வருவாரா என்பதே கேள்வி.

ஒரு வேலையை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கிராமத் தேவாலயக் கோபுரங்கள் பலவற்றில் ஆறு அல்லது எட்டு மணிகள் தொங்குகின்றன. அவற்றில் பாட்டு வாசிப்பதில்லை. மணிகள் ஒலிக்கும் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக்கொண்டே போவார்கள். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே வளர்ந்துவரும் கலை இது. ஆறு மணிகளுக்கு 720 வரிசைகள். ஒன்றுகூடத் திரும்ப வராமல் அத்தனையையும் அடித்து முடிக்க அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். மணி ஒன்றுக்கு ஆள் ஒருவர், எழுதிவைத்துப் பார்த்து அடிக்கும் வழக்கம் இல்லை. புதிதாகக் கற்க வருகிறவரின் பக்கத்தில் கற்றுக்கொடுப்பவர் நின்றுகொள்வார். கம்பளி நூல் பொதிந்த கயிற்றுப் பிடியைச் சரியான நொடியில் பிடித்து, சரியான நொடியில் விட வேண்டும். கயிறு கைக்கு அடங்கச் சில வாரங்கள் ஆகும். வாரம் ஒரு மாலை, ஒரே கயிற்றை நோக்கி நிற்கும் இருவருக்குள் ஊர், படிப்பு, அம்மாவின் உடல்நிலை என்று பேச்சு தானாக வந்து சேரும். பல கோபுரங்களில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. மணி அடிக்க வருகிறவரின் மத நம்பிக்கையைப் பொதுவாக யாரும் துருவுவதில்லை. வரிசைமாற்றக் கணக்கைத் தேர்வுக்காக மட்டும் படித்த நம் பொறியியல் பட்டதாரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றும். ஊர்க்கூடத்தில் கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை அடுக்குவதும், சமையலறையில் கோப்பைகளைக் கழுவித் துடைப்பதும் பேச்சுக்கு இதே வழியைத் திறக்கின்றன. ஆங்கிலேயரையே கள ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மானுடவியலாளர் கேட் ஃபாக்ஸ் 2004-ல் வெளியிட்ட நூலில், அறிமுகமற்றவரோடு பழக அவர்களுக்கு ஒரு விளையாட்டோ, நாயோ, கழகமோ துணைக்கு வேண்டியிருக்கிறது என்று காட்டுகிறார். கை வேலையில் இருக்கும்போது அவர்களுக்கு வாய் எளிதாகத் திறக்கிறது.

எத்தனை வேலை செய்தாலும் அந்த ஊர்க்காரராக ஆக முடியாதே என்று கேட்பார்கள். உண்மைதான். எஸெக்ஸிலுள்ள எல்ம்டன் கிராமத்தை ஆராய்ந்த மானுடவியலாளர் மேரிலின் ஸ்ட்ராதர்ன் 1981-ல் வெளியிட்ட நூலில், அங்கே அசல் எல்ம்டன்காரர்கள் என்று சில குடும்பங்கள் மட்டுமே கருதப்பட்டதை விரிவாகக் காட்டினார். பல்லாண்டு வாழ்ந்த ஆங்கிலேயருக்கே கிடைக்காத பட்டம் அது, நமக்கு ஓராண்டில் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அதுதான் தேவை என்று யார் சொன்னது? வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், நாட்டிங்ஹாம்ஷயரின் கிளேவொர்த் என்ற ஊரில் அதன் பாதிரியார் 1676-லும் 1688-லும் எடுத்த ஆள்பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தார். பன்னிரண்டே ஆண்டுகளில் ஊராரில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் மாறியிருந்தார்கள். சிலர் இறந்திருந்தார்கள், சிலர் பிறந்திருந்தார்கள், பலர் வந்தும் போயும் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அசையாமல் கிடந்த ஆங்கிலக் கிராமம் என்பது பெரும்பாலும் கற்பனை. போகிறவர் விட்டுப்போன வேலையை வருகிறவர் எடுத்துக்கொண்டதால்தான் அந்த ஊர்கள் நீடித்தன. ஓராண்டு இருந்து போகிறவரும் அந்த வரிசையில் வருகிறவர்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நிறவெறி பற்றியது. இங்கிலாந்தின் கிராமப்புறம் நகரங்களைவிட மிக அதிகமாக வெள்ளையர் வாழும் பகுதி. அங்கே சிறுபான்மையினர் சந்திக்கும் வசையையும் புறக்கணிப்பையும் நீல் சக்ரவர்த்தியும் ஜான் கார்லண்டும் 2004-ல் தொகுத்த 'ரூரல் ரேசிசம்' என்ற நூல் பதிவுசெய்திருக்கிறது. எங்கள் ஊரில் அந்தப் பிரச்சினையே இல்லை என்று கிராமங்கள் சொல்லிக்கொள்வதையும் அது கேள்விக்கு உட்படுத்துகிறது. கோப்பை கழுவினால் நிறவெறி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அதைத் தீர்ப்பது வந்தவரின் கடமையும் அல்ல. வசைபாடினால் காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டும், சகித்துப் போகக் கூடாது. ஆனால் தன்னந்தனியாக அறைக்குள் இருப்பவரைவிட, வியாழக்கிழமை காபிக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கப்படுகிறவர் பாதுகாப்பானவர். அவருக்காகச் சாட்சி சொல்ல, அவரோடு காவல் நிலையத்துக்கு வர ஆள் இருக்கும். விலகியிருப்பது கவசம் என்ற எண்ணம்தான் ஆபத்தானது.

நேரமும் வாகனமும் இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. முதியோர் இல்லத்தில் 12 மணி நேரப் பணி முடித்து வருகிறவரிடம் மாலைக் கூட்டத்துக்குப் போகச் சொல்வது அநியாயம். அங்கே பொறுப்பு முதலாளிக்கு உரியது: ஞாயிற்றுக்கிழமை பேருந்தே ஓடாத ஊரில் ஆளைக் கொண்டுபோய்ப் போடுகிறவர், அவர் வெளியே போய்வரவும் வழிசெய்ய வேண்டும். மாணவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு நேரம் இருக்கிறது, காலம்தான் தப்பிவிடுகிறது. செப்டம்பரில் போய் இறங்கி, படிப்பு கொஞ்சம் பிடிபடட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்ததும் மாலை சுருங்கிவிடும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டு. அதன்பிறகு புதிய இடத்துக்குத் தனியே போகும் துணிவு யாருக்கும் எளிதில் வராது. ஆகவே வெளிச்சம் இருக்கும் முதல் ஆறு வாரங்களிலேயே ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அறுவடை விருந்து நடக்கும் பருவமும் அதுதான். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதைக்கொண்டே ஓட்டலாம் என்பதால், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய கார் வைத்துக்கொள்வதும் முடியாத காரியம் அல்ல. காப்பீட்டுச் செலவை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஓராண்டுக்கு இவ்வளவு எதற்கு, கைபேசியில் தமிழ்க் குழு இருக்கிறது, நூறு மைலில் தமிழ்க்கடை இருக்கிறது என்பவர்களும் உண்டு. தமிழ்த் துணை வேண்டும்தான், அதை யாரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழுவால் பனி கொட்டும் நாளில் கதவைத் தட்டி மருந்து வாங்கிவர வேண்டுமா என்று கேட்க முடியாது. கிராமத்தின் பொதுவேலைகள் பலவும் ஆண்டுச் சுற்றில் அமைந்தவை: இலையுதிர்காலத்தில் அறுவடை விருந்து, டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டு, வசந்தத்தில் ஊர்க்கூட்டம், கோடையில் திருவிழா. ஒரு சுற்று முழுவதும் இருக்கிறவர் அத்தனையிலும் ஒருமுறை கைகொடுத்துவிடலாம். பல்கலைக்கழகங்களும் முகவர்களும் நடத்தும் பயண வழிகாட்டல்களில் வங்கிக் கணக்கு, சிம் அட்டை, குளிர்காலக் கோட்டு எல்லாம் வருகின்றன. போகும் ஊரின் ஊர் மன்றச் செயலரின் மின்னஞ்சலும், ஊர்க்கூடத்தின் மாத நிகழ்ச்சிநிரலும் அவற்றோடு தரப்பட வேண்டும். இரண்டையும் பெரும்பாலும் இணையத்திலேயே எடுத்துவிடலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இணையத்தில் ஐந்து நிமிடம் போதும். செப்டம்பரில் போகிறவர் போன கையோடு அதைச் செய்துவிட்டால், வசந்தத்தில் கூடும் ஊர்க்கூட்டத்தில் பேருந்து நேரத்தைப் பற்றி எழுந்து கேட்கவும் கை உயர்த்தி வாக்களிக்கவும் அவருக்கு உரிமை இருக்கும்.