குமரிமுனையில் கேட்பாரற்ற கூட்டம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் அடைத்ததும் "லீவுக்கு எங்கே போகிறோம்?" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். கொச்சியில் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகலாமா, சென்னைக்கா என்று நம் ஊர்ப் பிள்ளைகள் நச்சரிக்கிற அதே வேளையில், வெளியூர்க் குடும்பங்கள் வேன் பேசிக்கொண்டும் ரயிலுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டும் கன்னியாகுமரிக்குப் புறப்படத் தயாராகின்றன. கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரைக்கும் குமரிமுனை கொள்ளாது. ஆண்டுதோறும் இதைப் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறோம். இனிப் பெருமைப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

கட்டணம் வாங்கும் பூங்காவுக்கு ஒரு வாசல் உண்டு. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அதை நடத்துபவருக்குத் தெரியும். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆள் நிறைந்துவிட்டால் புதிதாக வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திய காலம் உண்டு. ஏமாற்றத்தோடு திரும்பினாலும் அந்தக் குடும்பங்கள் பத்திரமாகத் திரும்பின. கன்னியாகுமரிக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. காலை 10 மணிக்கு ஊருக்குள் எத்தனை பேர், எத்தனை வண்டி, இன்னும் எத்தனை பேருக்கு இடம் என்று கேட்டால் உடனே பதில் சொல்ல ஓர் அலுவலகம் இல்லை. இத்தனை பெரிய கூட்டம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இந்தத் தலையங்கம் அதைப் பற்றித்தான்.

டிசம்பர் என்றாலே நம் மாவட்டத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா 3-ம் தேதி நிறைவு பெறும். கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா திருத்தலத்திலும் இதே மாதம் திருவிழா. சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம். கார்த்திகை முதல் நாளிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்குப் போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் குமரி அம்மனைக் கும்பிட்டுக் கடலில் கால் நனைக்காமல் போவதில்லை. வளைகுடாவிலும் வெளிமாநிலங்களிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வீடு வந்து சேருவதும் இந்த நாள்களில்தான். 2011 கணக்கெடுப்பின்படியே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிற மாவட்டம் இது. விருந்தினர் வருவதற்கு முன்னமே வீடு நிறைந்துவிட்டது.

இத்தனை பேரும் கடைசியில் வந்து சேருகிற இடம் ஒரே ஒரு படகுத்துறை. விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறக்கப்பட்டது 1970-ல். 133 அடி உயர வள்ளுவர் சிலை எழுந்தது 2000 புத்தாண்டு நாளில். இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமாக, 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. மூன்றும் அருமையான வரவுகள்; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்க்க வேண்டியவை கடலுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடியபோதும் அங்கே போகிற வழி ஒன்றாகவே இருக்கிறது. பாலத்தைப் பார்க்க வருகிறவரும் படகு ஏறித்தான் ஆக வேண்டும்.

விடுமுறை நாளில் அந்த வரிசையை ஒருமுறை நின்று பார்த்தால் போதும். படகு ஓடத் தொடங்குவதற்கு முன்பே, விடியற்காலைச் சூரியனைப் பார்த்துவிட்டு அப்படியே வந்து நிற்பவர்களால் அது நிறைந்துவிடும். வெயில் ஏறும்போது வரிசை தெருவுக்குள் வளைந்து நீளும். ஒரு பக்கம் சங்கு, பாசிமணி, சோழிமாலை விற்கும் கடைகள். மறுபக்கம் ஹாரன் அடிக்கும் ஆட்டோக்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு தாய், கையில் பிடித்த மூத்தவனிடம் "மக்களே, கைய விடாத, கைய விடாத" என்று சொல்லிக்கொண்டே நகர்கிறார். பின்னால் நடக்க முடியாத பாட்டியைத் தாத்தா தாங்கிப் பிடித்திருக்கிறார். இதற்கிடையில் கடல் சீற்றம் என்றோ நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது என்றோ படகுப் போக்குவரத்து நிறுத்தப்படும். நிறுத்துவது சரியான முடிவு. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் கலைய மாட்டார்கள். வந்து சேருகிறவர்களும் ஓய மாட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் படகு கிளம்பும் என்று ஒரு குரல் கேட்டால் போதும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முன்னால் நெருக்குவார்கள். நெரிசல் பிறக்கிற நிமிடம் அதுதான்.

தென்கொரியத் தலைநகர் சியோலின் இட்டேவோன் பகுதியில் 2022 அக்டோபர் 29 இரவு நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. ஹாலோவீன் கொண்டாட வந்த இளைஞர்கள் ஒரு குறுகிய சந்தில் நெருங்கி 159 பேர் மடிந்தார்கள். அதை யாரும் கூட்டிய கூட்டம் என்று சொல்ல முடியாது. மேடையோ தலைவரோ இல்லை. ஏற்பாட்டாளர் இல்லாத கூட்டத்தைக் கையாள வழிகாட்டி நெறிமுறை இல்லை என்றே காவல் துறை பின்னர் சொன்னது. "நெருக்குகிறார்கள், ஆள் சாகப் போகிறது" என்ற பொருளில் காவல் துறைக்கு முதல் அழைப்பு போனது மாலை 6.34-க்கு. உயிர்கள் போனது இரவு 10 மணிக்கு மேல். இடையில் இருந்த மூன்றரை மணி நேரமும் வீணாயிற்று.

நம் மாநிலத்திலும் பாடம் இல்லாமல் இல்லை. 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப் படைச் சாகசத்தைப் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடந்த அரசியல் கூட்டத்தில் 41 பேரைப் பறிகொடுத்தோம். கரூருக்குப் பிறகு கட்சிக் கூட்டங்களுக்கு என்ன கட்டுப்பாடு, யாரிடம் அனுமதி என்று நாடே பேசியது. கட்சிக் கூட்டத்துக்காவது விண்ணப்பம் போட ஒருவர், வழக்குப் போட ஒருவர் இருக்கிறார். சுற்றுலாக் கூட்டத்துக்கு யார் விண்ணப்பிப்பது? படகு ஒரு நிறுவனத்திடம், பாறை மண்டபம் ஓர் அமைப்பிடம், சாலை ஒரு துறையிடம், கடைகள் உள்ளாட்சியிடம், கோயில் அறநிலையத் துறையிடம், கடல் கடலோரக் காவல் குழுமத்திடம். அவரவர் வேலையை அவரவர் செய்கிறார்கள். மொத்தக் கூட்டம் மட்டும் யாருடைய மேசையிலும் கோப்பாக இல்லை.

அடுத்தது கடல். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை வந்தபோது நம் மாவட்டம் ஏறக்குறைய 800 பேரை இழந்தது. குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாட்டை இங்கே விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களைக் கரை சேர்க்க வள்ளம் இறக்கியவர்களில் நம் மீனவர்களும் இருந்தார்கள், தங்கள் வீடு நனைந்த நிலையில். அதன்பிறகு சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் வந்துவிட்டது. எச்சரிக்கை வந்தால் பாறையில் இருப்பவர்களை எத்தனை நிமிடத்தில் கரைக்குக் கொண்டுவருவோம் என்ற கணக்கு வந்துவிட்டதா?

படகுத்துறையில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போக முடியும் என்பதை வைத்து அன்றைய சீட்டுகளைத் தீர்மானிப்பது தவறு. எத்தனை பேரைத் திருப்பிக் கொண்டுவர முடியும் என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும். 150 பேர் ஏறும் படகில் 2,000 பேரைத் திருப்பி அழைத்துவர 14 நடை வேண்டும். வானிலை மாறும் மாலையில் அத்தனை நடைக்கு நேரம் இருக்குமா?

2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் போனவர்களின் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் மூழ்கினார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மேல் ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பம். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகளை அந்தப் படகுகளோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. இங்கே உயிர்காப்பு உடை உண்டு, ஆள் கணக்கு உண்டு. நம் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பாறைக்குச் சீட்டுக் கிடைக்காமல் திரும்புகிற குடும்பம் லாட்ஜில் போய் முடங்குவதில்லை. "வந்ததுக்குக் கடல்லயாவது குளிப்போம்" என்று சொத்தவிளைக்கும் கணபதிபுரத்துக்கும் முட்டத்துக்கும் வண்டியைத் திருப்புகிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது, கள்ளக்கடல் குறித்த எச்சரிக்கை வெளியாகியிருந்த சமயத்தில்தான். காற்று அடங்கி வெயில் அடிக்கும்போதே எங்கோ தென்கடலில் கிளம்பிய அலை வந்து இழுத்துப் போகும் என்பது கரையில் பிறந்தவனுக்குத் தெரியும். வேலூரிலிருந்து வந்த பிள்ளைக்கு யார் சொல்வது?

மழையையும் மறக்கக் கூடாது. 2023-ல் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்புதான், டிசம்பர் 17, 18 தேதிகளில், தென்மாவட்டங்கள் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கோதையாற்றில் வெள்ளம் வந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விழும். அங்கே போகவிருந்த கூட்டமும் கன்னியாகுமரிக்கே திரும்பும். சாலையோ சொல்லவே வேண்டாம். காவல்கிணற்றிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் வருகிற வண்டிகளோடு கனிமம் ஏற்றிய கனரக லாரிகளும் சேர்ந்துகொள்ள, பண்டிகை நாளில் மார்த்தாண்டம், தக்கலை, வெட்டூர்ணிமடம் என்று ஒவ்வொரு சந்திப்பும் திக்குமுக்காடுகிறது. குமரிமுனையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், பெரிய சிகிச்சைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் கடந்து ஆசாரிபள்ளம் போக வேண்டும். 108 வண்டிக்கு அந்த நேரத்தில் வழி எங்கே?

வழி இல்லாத பிரச்சினை அல்ல இது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் முதல், நீலகிரிக்குள் வார நாளில் 6,000 சுற்றுலா வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு வந்தது. ஐ.ஐ.டி.யையும் ஐ.ஐ.எம்.மையும் வைத்து அந்த மலைகள் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்க்கவும் ஏற்பாடானது. சபரிமலையில் நாள் குறித்து, நேரம் குறித்துத்தான் பக்தர்கள் மலை ஏறுகிறார்கள். மலைக்கு ஒரு தாங்குதிறன் உண்டு என்றால் முனைக்கும் உண்டு. அதை இதுவரை அளந்து ஊருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"வரம்பு வைத்தால் வியாபாரம் படுத்துவிடும்" என்று கடைக்காரர்கள் அஞ்சுவது புரிகிறது. ஐயப்ப சீசனையும் கிறிஸ்துமஸ் விடுமுறையையும் நம்பி ஏலம் எடுத்துக் கடை போட்டவர்கள் அவர்கள். மற்ற மாதங்களின் மந்தத்தை இந்த ஐம்பது, அறுபது நாளில்தான் ஈடுகட்ட வேண்டும். ஆனால் வரிசையில் ஐந்து மணி நேரம் நிற்கிறவர் எதையும் வாங்குவதில்லை. மதியம் 2 மணிக்குத்தான் படகு என்று சீட்டில் எழுதியிருந்தால் அந்தக் குடும்பம் காலையில் சுசீந்திரம் போகும், வட்டக்கோட்டை போகும், திரும்பி வந்து சாப்பிடும், பாசிமணி வாங்கும். மறுநாளைக்குத்தான் சீட்டு என்றால் ஓர் இரவு கூடுதலாகத் தங்கி மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்க்கும். நெருக்குவதால் வருகிற வருமானத்தைவிடப் பரப்புவதால் வருகிற வருமானம் அதிகம். ஒரே ஒரு நெரிசல் சாவு நடந்துவிட்டால் பத்து சீசனுக்கு இந்தக் கடைத்தெரு எழுந்திருக்காது.

ஆகவே அரசிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் நாம் கேட்பது இவை. முதலாவது, டிசம்பர் 20 முதல் பொங்கல் விடுமுறை முடியும்வரை கன்னியாகுமரிக்கென ஒரே ஒரு பொறுப்பதிகாரி. படகு, சாலை, கடற்கரை, மருத்துவம் எல்லாம் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் ஊரறிய இருக்க வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 ஆட்சியருக்குத் தந்திருக்கும் அதிகாரம் இதற்குப் போதும். பெருங்கூட்டங்களைக் கையாளத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அலமாரியில் இருந்து அதை எடுத்தால் சரி. இரண்டாவது, பாறைக்கும் பாலத்துக்கும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற எண்ணைத் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். எல்லாச் சீட்டும் நேரம் குறித்த சீட்டாக இருக்கட்டும்; கைப்பேசி இல்லாதவருக்காக ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் கவுண்டர் திறக்கட்டும். மூன்றாவது, ஊருக்குள் வண்டி நுழைவதற்கு முன்பே நிறுத்தும் இடங்களும் அங்கிருந்து இணைப்புப் பேருந்துகளும். பண்டிகை நாள்களில் கனிம லாரிகளுக்குப் பகலில் முழுத் தடை. நான்காவது, கூட்டம் சேரும் ஒவ்வொரு கடற்கரையிலும் உயிர்காப்பாளர். எச்சரிக்கைப் பலகைகள் தமிழ், மலையாளம், இந்தி, தெலுங்கு, கன்னடத்தில். நம் மீனவ இளைஞர்களைவிட இந்த வேலைக்குத் தகுதியானவர் யாரும் இல்லை. அவர்களுக்கு ஊதியம் கொடுத்து நிறுத்தலாம்.

பெற்றோருக்கும் சொல்ல இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தை விட்டுவிட்டு வர முடியுமானால், விட்டுவிடுங்கள்; கன்னியாகுமரி எங்கும் போய்விடாது. வந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று முதலிலேயே காட்டிக் கொடுங்கள். படகில் குழந்தைக்குப் பெரியவர் அளவு உயிர்காப்பு உடையை மாட்டினால் தண்ணீரில் அது கழுத்துக்கு மேலே நழுவிவிடும்; சிறுவர் அளவைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் தோள் இடித்து, கையைத் தூக்க இடமில்லை என்று தோன்றினால் வரிசையில் உங்கள் இடம் போனாலும் போகட்டும், பக்கவாட்டில் வெளியே வந்துவிடுங்கள். நெரிசலில் பெரும்பாலானோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே மூச்சு முட்டித்தான் சாகிறார்கள்.

விபத்து நடந்தபின் விசாரணை ஆணையமும் நிவாரணத் தொகையும் வர இந்நாட்டில் ஒருநாள்கூட ஆகாது. பள்ளிகள் அடைக்கும் முன்பே பொறுப்பதிகாரி யார், வரம்பு எவ்வளவு என்ற இரண்டு விவரங்களை மட்டும் ஆட்சியர் அறிவித்தால், வருகிற ஒவ்வொரு குடும்பமும் அதற்கேற்பத் திட்டமிடும். அறிவிக்காமல் இந்த டிசம்பரையும் கடத்திவிட்டால், பிறகு நேர்வதற்கு விதியைக் குறை சொல்லும் தகுதி நிர்வாகத்துக்கும் இருக்காது, கேட்காமல் இருந்த நமக்கும் இருக்காது.