படித்த பிள்ளைகள் எங்கே போனோம்

2024 டிசம்பர் 20-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. 660 மெகாவாட், நிலக்கரி. முன்பே அனுமதி வாங்கித் தொடங்கி, வேலை பாதியில் நின்று, அனுமதிக் காலமும் முடிந்துபோன திட்டம். அதைத் திரும்ப எழுப்பலாமா என்று எங்கள் ஊரைக் கேட்பதற்காகக் கூட்டிய கூட்டம். வடசென்னையில் பிறந்து வளர்ந்து இப்போது இருபதுகளில் இருக்கும் எங்களில் பெரும்பாலோர் அன்று சிறுசேரியிலும் கிண்டியிலும் ஒரகடத்திலும் இருந்தோம். ஒரு நாள் விடுப்பு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. மாலையில் கூட்டத்தின் வீடியோத் துண்டுகள் போனுக்கு வந்தன. மெட்ரோவில் விம்கோ நகர் வந்து சேர்வதற்குள் பார்த்து முடித்து, அடுத்த குழுவுக்கு அனுப்பிவிட்டோம்.

இதை 'நான்' என்று எழுதாமல் 'நாங்கள்' என்று எழுதக் காரணம் உண்டு. வேலைக்குப் போய் ஓராண்டு முடிந்ததை ஒட்டி, உடன் படித்த நண்பர்கள் திருவொற்றியூரில் ஒரு வீட்டு மாடியில் கூடினோம். ராயபுரம், தண்டையார்பேட்டை, எர்ணாவூர், கத்திவாக்கம் என்று ஆளுக்கொரு பக்கம். இந்த ஆண்டு என்ன செய்தோம் என்று பேச ஆரம்பித்தது, என்ன செய்யவில்லை என்பதில் போய் நின்றது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எல்லோருடைய பதிலும் ஒன்றாக இருந்தது, அதுதான் உறுத்தியது.

எங்களுக்கு அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையோடு தொடங்கியது. மணலியில் சென்னை பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு சேர்ந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கியது. அங்கிருந்து கொசஸ்தலை ஆறு, பிறகு முகத்துவாரம், பிறகு கடல். வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கருப்புக் கோடு. படகு, வலை, அலையாத்திச் செடிகள், கூழைக்கடா, எல்லாவற்றின் மேலும் அதே கருப்பு. மீனவர்கள் கையில் மக்கும் வாளியும் கொண்டு அதை அள்ளினார்கள். 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அப்போதும் வாளிதான். இடையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளில் எங்களில் பலர் பொறியியல் முடித்தோம். கசிந்த எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் மிதவைத் தடுப்பு இந்த ஆற்றங்கரையில் ஏன் தயாராக இல்லை, அதை வைத்திருக்க வேண்டியவர் யார் என்று எங்களில் ஒருவர்கூட எந்த அலுவலகத்திலும் கேட்டதில்லை.

அரசு நிவாரணம் அறிவித்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட படகுக்கு 10,000, மற்ற குடும்பங்களுக்கு 7,500. பணம் வந்ததைக் குறை சொல்லவில்லை. அந்தக் கணக்கெடுப்பு நடந்த நாட்களில் எங்களால் ஆகியிருக்கக்கூடிய வேலையை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. படகை எண்ணலாம், வலையை எண்ணலாம். ஆற்றில் இறங்கி வெறும் கையால் தடவித் தடவி எறா பிடிக்கும் இருளர் பெண்களின் நஷ்டத்தை எதை வைத்து எண்ணுவது? கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்பவர், ஐஸ் உடைத்துக் கொடுப்பவர், வலை பின்னுபவர், இவர்கள் எத்தனை நாள் வருமானம் இழந்தார்கள்? எண்ணெய் அள்ளியவர்களில் யாருக்குத் தோலில் தடிப்பு வந்தது, யாருக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை? ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், தேதி, என்ன ஆயிற்று என்று எழுதி வைத்திருந்தால், பசுமைத் தீர்ப்பாயத்தில் அவர்களுக்காகப் பேசுகிறவருக்கு அது சாட்சியாக இருந்திருக்கும். ஆபீசில் நாள் முழுக்க நாங்கள் செய்வது இதே வேலைதான்: யாரோ ஒரு வாடிக்கையாளரின் விவரங்களைப் பிழையில்லாமல் அட்டவணையில் ஏற்றுவது.

எண்ணெய்ப் பிசுக்கு காய்வதற்குள் டிசம்பர் 26. நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குத் திரவ அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் என்று தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் கண் எரிய, தொண்டை அடைக்க, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசல் அருகே காற்றில் அமோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 400.

பிளஸ் டூ வேதியியலில் ஹேபர் முறையை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் எங்களில் நிறையப் பேர். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்களும் உண்டு. அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால் ஈரத் துணியை மூக்கிலும் வாயிலும் பொத்திக்கொண்டால் மூச்சுக்குழாய்க்குக் கொஞ்சம் காவல். காற்று அடிக்கும் திசையிலேயே ஓடக் கூடாது, வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சாதாரணமாக அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும். குளிர்ந்த திரவமாகக் கசிந்தால் பனிமூட்டம் மாதிரி தரையோடு படரும். அதனால் குழந்தையைத் தரையில் விடக் கூடாது. இவ்வளவையும் ஒரு தெருவுக்குச் சொல்ல அரை மணி நேரம் போதும். இந்த ஆலைகளுக்கு நடுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், பக்கத்து வீட்டு அக்காவுக்குக்கூட இதை நாங்கள் சொன்னதில்லை.

சொல்ல வேண்டிய பொறுப்பு சட்டப்படி ஆலைகளுக்கு இருக்கிறது என்பதும் எங்களுக்கு அந்த இரவுக்குப் பிறகுதான் தெரிந்தது. போபாலுக்குப் பின் வந்த 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளில், பெரிய விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு ஆபத்து என்ன, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் ரசாயன விபத்து விதிகள் உள்ளூர் அளவில் நெருக்கடிக் குழு வேண்டும் என்கின்றன. சுற்றுவட்டார மக்களுக்கு விளக்குவதும் ஒத்திகை நடத்துவதும் அந்தக் குழுவின் வேலை. விதி எங்களில் பலரைவிட வயதில் மூத்தது. அதைத் தேடிப் படிக்க ஒரு மாலை நேரம் போதும், தேடுவதற்குத்தான் ஓர் இரவு இப்படிப் போக வேண்டியிருந்தது.

கசிவுக்குப் பிறகு ஆலையை நிரந்தரமாக மூடச் சொல்லிப் போராட்டப் பந்தல் எழுந்தது. 33 மீனவ கிராமங்கள் அதன் பின்னால் நின்றன. நூறு நாளைத் தாண்டியும் நடந்தது. வெயில் ஏற ஏற அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மரியாதையாக வரவேற்று, மோர் கொடுத்து, உட்காரச் சொன்னார்கள். ஒரு ஆயா, ஆலை வழக்கில் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவைப் பேரனின் போனில் காட்டினார். ஆங்கிலத்தில் பல பக்கம். "கண்ணு, இதுல இன்னாதான் எழுதியிருக்கு? தொறன்றானா, வேணான்றானா?" என்றார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இன்னும் முடிவு பண்ணல ஆயா, விசாரணை நடக்குது" என்றோம். தப்பான பதில் இல்லை. ஆனால் அதில் நிபந்தனைகள் இருந்தன, தேதிகள் இருந்தன, எந்தத் துறை எதற்குப் பொறுப்பு என்று இருந்தது. உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லியிருக்கலாம். பந்தலில் இருந்த யாருக்கும் நேரமில்லாமல் இல்லை. மே மாதம், பல துறைகளின் தடையில்லாச் சான்று பெற்ற பிறகே திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்ப்பாயம் வழி விட்டது. அதற்குள் நாங்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தோம்.

ஏன் இப்படி இருந்தோம் என்று மாடியில் அன்று நெடுநேரம் பேசினோம். நேரமில்லை என்பது உண்மையான காரணம் இல்லை. எங்கள் வீடுகளில் முக்கால்வாசி இந்தக் கம்பெனிகளின் சம்பளத்தில் எழுந்தவை. அசோக் லேலண்டு, எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, அனல்மின் நிலையம், துறைமுகம், கன்டெய்னர் யார்டு. நிரந்தரத் தொழிலாளியோ கான்ட்ராக்டோ, அப்பாவின் ஷிப்ட்டை வைத்துத்தான் எங்கள் சாப்பாட்டு நேரம். "கம்பெனியப் பத்தி வெளில பேசாத" என்பது எங்கள் வீடுகளில் திட்டாகக்கூடச் சொல்லப்பட்டதில்லை, சாதாரண புத்திமதி. ஆலைக்காரன் பிள்ளை ஒரு பக்கம், குப்பத்துப் பிள்ளை ஒரு பக்கம் என்று பள்ளிக்கூடத்திலேயே ஒரு கோடு விழுந்துவிட்டது. ஆறு அவர்களுடையது, புகை எல்லோருடையது என்று நாங்களாகப் பிரித்துக்கொண்டோம். ஆலை இருக்க வேண்டும், அதில் வேலையும் இருக்க வேண்டும், குழாயும் கசியக் கூடாது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க முடியும் என்பது எங்கள் தலைமுறைக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்பாவுக்கு வேலை போகும் பயம் இருந்தது. சம்பளம் வேறு இடத்திலிருந்து வரும் எங்களுக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் அப்பாக்களின் மௌனத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டோம்.

ராயபுரம் நண்பன் இன்னொன்று சொன்னான். எண்ணூர் அவனுக்கு எப்போதும் தூரம். காசிமேட்டில் மீன் வாங்கும்போது மட்டும், "எண்ணெய் எறாவா இது?" என்று கேட்டு ஒதுக்கிய கூட்டத்தில் அவனும் இருந்திருக்கிறான். ஆழ்கடல் மீனையும் சேர்த்து ஒதுக்கினார்கள். விற்றவருக்கு அது இரண்டாவது நஷ்டம். அவன் இதைச் சொன்னபோது குரல் உடைந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கே வருகிறோம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு தர வேண்டும். சுருக்க அறிக்கை தமிழில் கிடைக்கும். நேரில் வர முடியாதவர் எழுத்திலும் கருத்து அனுப்பலாம். முழு அறிக்கை ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்கள். சாம்பல் எங்கே கொட்டப்படும், கொசஸ்தலையில் ஏற்கெனவே படிந்த சாம்பல் கணக்கில் வந்ததா, எந்த மாதத்தின் காற்றை அளந்தார்கள், மற்ற அனல்மின் நிலையங்களின் புகையோடு சேர்த்துக் கூட்டினார்களா: இவையெல்லாம் அந்தப் பக்கங்களில் தேடிப் பார்க்க வேண்டிய கேள்விகள். குப்பத்துப் பெரியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பேசினார்கள். எந்தக் காற்றில் சாம்பல் வரும், எந்த மடுவில் மீன் போயிற்று என்று அவர்களுக்குத் தெரிந்தது எந்த அறிக்கையிலும் இல்லை. அவர்கள் சொன்னதற்குப் பக்கத்தில் 'உங்கள் அறிக்கையின் இந்தப் பக்கம் இதற்கு முரணாக இருக்கிறது' என்று ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால், அது அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாகியிருக்கும். அந்த ஒருவர் எங்களில் ஒருவராக இருந்திருக்க வேண்டும்.

நாங்கள் குறித்து வைக்காமல் விட்ட இன்னொன்று ஆற்றிலேயே இருந்தது: அங்கே காக்கா ஆழி பரவிக் கிடக்கிறது. தென் அமெரிக்கப் பக்கத்து மட்டி. கப்பல்களோடு வந்திருக்கும் என்பது மீனவர்களின் சந்தேகம். சேற்றுக்கு மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, எறா தங்கும் தரையை மூடிவிடுகிறது. மஞ்ச மட்டி குறைந்துவிட்டது. முதலில் பார்த்தவர்கள் மீனவர்கள், பல ஆண்டுகளாகச் சொன்னவர்களும் அவர்கள். எங்கே, எந்த மாதம் என்று போட்டோவோடு குறித்து வைக்க ஒருவர் கூட இருந்திருந்தால் அந்தச் சொல்லுக்குச் சீக்கிரம் மதிப்பு வந்திருக்கும்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த இரவில், எர்ணாவூர் நண்பன் அவன் அம்மாவுக்குப் போன் செய்து முதலில் கேட்டது மழையைப் பற்றி அல்ல. "கால்வாயில எண்ணெ வாசன வருதான்னு பாரும்மா" என்றான். ஓராண்டு கழிந்தும் அதை முகர்ந்து பார்க்க எங்களுக்கு அம்மாக்களின் மூக்கைத் தவிர வேறு ஏற்பாடு இல்லை.

மாடியை விட்டு இறங்குமுன் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனுக்கள் எழுதினோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு ஒன்று, மாவட்ட நிர்வாகத்துக்கு ஒன்று. கேட்டவை இவை: கத்திவாக்கம் முதல் திருவொற்றியூர் வரை அபாயகர ரசாயனம் வைத்திருக்கும் ஆலைகள் எவை, அவற்றுக்கு வெளியே வாழும் மக்களுக்கான அவசரத் திட்டத்தின் தமிழ்ப் பிரதி எங்கே கிடைக்கும், உள்ளூர் நெருக்கடிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், பெரியகுப்பத்துக்குக் கேட்கும்படியான சைரன் எந்தக் கம்பத்தில் இருக்கிறது, கடைசியாக அதை எப்போது ஒலித்துப் பார்த்தார்கள்.