ரோட்வைலர் வாங்க வம்சாவளிச் சான்றிதழ் மட்டும் போதாது

நம் தாமான்களில் ரோட்வைலர் வளர்க்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. தரை வீடு, திருட்டுப் பயம், கூடவே கொஞ்சம் பெருமை. இவை சேர்ந்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இந்த நாய்தான். விற்பவர் “பேப்பர் இருக்கு” என்கிறார். தந்தை நாய் வெளிநாட்டு வம்சம் என்கிறார். சில ஆயிரம் ரிங்கிட் கைமாறுகிறது. அந்தப் பேப்பர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

வம்சாவளிச் சான்றிதழ் குட்டியின் பாட்டன் பூட்டன் யார் என்று சொல்லும். அவை நலமாக இருந்தனவா என்பது வேறு கேள்வி. தாய், தந்தை இரண்டின் பரிசோதனை முடிவுகளையும் கையில் வாங்கிப் பார்க்காமல் யாரும் ரோட்வைலர் குட்டி வாங்கக் கூடாது என்பதே என் கருத்து.

காரணத்தைப் படிவம் 5 உயிரியல் பாடத்திலிருந்தே சொல்லலாம். ரோட்வைலர்களுக்கு ஜே.எல்.பி.பி. என்ற பரம்பரை நோய் உண்டு. குரல்வளைத் தசைகள் செயலிழந்து மூச்சு இரையும், பின்னங்கால்கள் தள்ளாடும். குணப்படுத்தும் மருந்து இல்லை. பாதிக்கப்பட்ட குட்டிகள் பெரும்பாலும் இளமையிலேயே இறந்துவிடும், அல்லது கருணைக்கொலை செய்யப்படும். இது ஒடுங்கு மரபணுவால் வருவது. பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ள நாய் முற்றிலும் ஆரோக்கியமாக இருக்கும். கண்காட்சியில் பரிசுகூட வாங்கும். அப்படிப்பட்ட இரண்டு நாய்களை இணைத்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாணவர்கள் பன்னெட் கட்டத்தில் போடும் அதே கணக்குதான்.

அறிகுறிகள் பெரும்பாலும் மூன்று மாத வயதை ஒட்டியே தெரியத் தொடங்கும். குட்டிகள் விற்கப்படுவதோ எட்டு வாரத்தில். அதாவது விற்றவர் நோயைப் பார்ப்பதில்லை. வாங்கிய வீட்டுப் பிள்ளைகள்தான் பார்க்கிறார்கள். கன்னத்தின் உட்புறத்தில் எடுக்கும் மாதிரியைக் கொண்டே இந்த மரபணுவைக் கண்டறிந்துவிடலாம். பழுதைச் சுமக்கும் நாயை ஒதுக்கிவிட வேண்டும் என்றும் இல்லை. பழுதில்லாத துணையுடன் இணைத்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. பரிசோதனை செய்யாமல் ஒரே சாம்பியன் நாயை ஊர் முழுக்க இணைசேர்க்கப் பயன்படுத்துவதுதான் ஆபத்து.

அடுத்தது இடுப்பு மூட்டு. இடுப்பு மூட்டுக் கோளாறு பல மரபணுக்கள் சேர்ந்து உருவாக்குவது. உணவும் உடல் எடையும் அதில் பங்கு வகிக்கின்றன. ஆகவே பெற்றோரின் எக்ஸ்ரே நன்றாக இருந்தால் ஆபத்து குறையும், அறவே நீங்காது. அனைத்துலக நாய் இனச் சம்மேளனமான எஃப்.சி.ஐ. இடுப்பு மூட்டை ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறது. ஏ சிறந்தது, இ மிக மோசமானது. நாய்க்கு ஒரு வயதாவது நிரம்பிய பிறகுதான் இந்த எக்ஸ்ரேயை எடுத்துத் தரம் பிரிப்பார்கள். பத்து மாதத் தாய்க்குப் பிறந்த குட்டி என்றால், அந்தத் தாய் முறையாகச் சோதிக்கப்படவே இல்லை என்று பொருள்.

இது நடைமுறைக்கு ஒத்துவராத ஆசை அல்ல. ரோட்வைல் என்பது ஜெர்மனியில் உள்ள ஓர் ஊர். மாடுகளை ஓட்டவும் கசாப்புக் கடைக்காரர்களின் வண்டிகளை இழுக்கவும் அங்கே பயன்பட்ட நாய்தான் இது. 1921இல் தொடங்கப்பட்ட ஜெர்மானிய ரோட்வைலர் சங்கம், இடுப்பு, முழங்கை மூட்டுகளின் எக்ஸ்ரேயும் இனப்பெருக்கத் தகுதித் தேர்வும் முடியாத நாயை இனப்பெருக்கத்துக்கு அனுமதிப்பதில்லை. அத்தேர்வில் உடலமைப்போடு குணமும் சோதிக்கப்படுகிறது. எங்கு பதிவாகும் ரோட்வைலருக்கும் இதே விதி வேண்டும் என்பேன். முடிவுகளைச் சான்றிதழிலேயே அச்சிட வேண்டும்.

நம்மிடம் விற்பனைக்குச் சொல்லப்படும் பெருமைகள் பல, இனத் தரத்தின்படி குறைகள். எஃப்.சி.ஐ. தரப்படி ஆண் நாயின் உயரம் 61 முதல் 68 செ.மீ., எடை சுமார் 50 கிலோ. பெண் நாய் 56 முதல் 63 செ.மீ., சுமார் 42 கிலோ. “அப்பா 70 கிலோ” என்று ஒருவர் சொன்னால் அது மூட்டுகளுக்குச் சுமை. “தாய் யாரையும் கிட்ட விடாது, கடித்துவிடும்” என்பதும் பெருமையல்ல. மூர்க்கம், அளவு மீறிய சந்தேகம், கோழைத்தனம் எல்லாம் தகுதி நீக்கத்துக்குரியவை. வாலும் வெட்டப்படாமல் இயற்கையாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் வால் வெட்டுவது 1998 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

நல்ல வளர்ப்பாளரை அடையாளம் காண்பது கடினமல்ல. அவர் தாய் நாயை நேரில் காட்டுவார். இரு பெற்றோரின் இடுப்பு, முழங்கை, இதயம், ஜே.எல்.பி.பி. முடிவுகளைக் கேட்பதற்கு முன்பே எடுத்து வைப்பார். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தர மாட்டார். உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வேலி எப்படி, பகலில் நாயை யார் பார்ப்பார்கள் என்று உங்களையே கேள்வி கேட்பார். பணத்தை மட்டும் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

“நான் கண்காட்சிக்கா போகிறேன், வீட்டுக் காவலுக்குத்தானே” என்பவர்கள் உண்டு. காவல் நாய்க்குத்தான் நல்ல மூட்டும் நிதானமான குணமும் அதிகம் தேவை. மலேசியாவில் ரோட்வைலர் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களில் ஒன்று. சிங்கப்பூரில் பொது இடத்தில் அதற்கு வாய்மூடி கட்டாயம். குணம் கெட்ட ஒரு நாய் கடித்தால் பழி இனம் முழுவதன் மேலும் விழுகிறது.

பரிசோதனைக்குச் செலவாகும், குட்டியின் விலையும் ஏறும். உண்மைதான். ஆனால் அந்தச் செலவைத் தவிர்க்கும் வளர்ப்பாளர் அதை இல்லாமல் ஆக்கவில்லை. மருத்துவமனைக் கட்டணமாக உங்கள் மீதும், வலியாக நாயின் மீதும் ஏற்றிவிடுகிறார். வாங்குபவர்கள் முடிவுகளைக் கேட்கத் தொடங்கினால் விற்பவர்கள் பரிசோதிக்கத் தொடங்குவார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.